புளியந்தீவில் பழைய மெதடிஸ்த கோயிலைத் தேடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில், முக்கியமாக நகரின் வாவித் தீவான புளியந்தீவில், இங்கிலாந்திலிருந்து வந்த புரொட்டஸ்தாந்து சபையான மெதடிஸ்த மிஷன் கட்டிய பழைய கட்டடங்களைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் பல வகை. ஏ.எல் மாணவர்கள் செயற்திட்டத்துக்காகக் கேட்பார்கள். லண்டனிலும் டொரொண்டோவிலும் இருந்து பூட்டன், பூட்டியின் பெயரைத் தேடி எழுதுவார்கள். ஊருக்கு வந்த இடத்தில் ஒரு பழைய சுவரைப் பார்த்துவிட்டு, "இது வேதக்கோயிலாக இருந்ததாமே, உண்மையா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

மட்டக்களப்பின் முதலாவது மெதடிஸ்த கோயில் கட்டடம் எது?

இந்தக் கேள்வியோடுதான் எல்லோரும் வருகிறார்கள், இதிலேயேதான் வழியும் தவறுகிறார்கள். மெதடிஸ்தர் இங்கே கோபுரமும் மணியும் கட்டிக்கொண்டு வந்து இறங்கவில்லை, பள்ளிக்கூடமாக வந்தார்கள். கிழமை நாட்களில் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வாங்குகளைத் திருப்பிப் போட்டால் அதுதான் கோயில். மிஷன் போன ஊர்களில் எல்லாம் நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது, தனிக் கோயில் பிறகுதான் எழும்பியது. ஆகவே பழைய கோயிலைத் தேடுகிறவர் முதலில் பழைய பள்ளிக்கூடத்தைத் தேட வேண்டும். என் அம்மம்மா கடைசி வரைக்கும் "பள்ளிக்கூடத்துக் கோயில்" என்றுதான் சொல்லுவா. சின்ன வயதில் அது எனக்கு இரண்டு இடங்களைச் சேர்த்துச் சொல்வது போல இருந்தது. அவவுக்கு அது ஒரே இடம்.

வில்லியம் ஓல்ட் யார்? அவர் எப்படி இங்கே வந்தார்?

இதை ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடசாலை விழாக்களில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தோமஸ் கோக் என்ற முதிய போதகர், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் உவெஸ்லியோடு கூட இருந்து வேலை செய்தவர், ஆசியாவுக்கு மிஷன் போக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். திருச்சபையிடம் பணம் இல்லை என்றபோது தன் சொந்தப் பணத்தைத் தருவதாகச் சொன்னார். 1813 டிசம்பர் முடிவில் ஆறு இளம் மிஷனரிமாரையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறினார். அந்த ஆறு பேரில் ஒருவர்தான் வில்லியம் ஓல்ட். மனைவியும் கூட வந்தார். பெப்ரவரியில், கரை தெரியாத நடுக்கடலில் ஓல்டின் மனைவி இறந்துபோனார். மே 3 ஆம் தேதி காலையில் கோக் தன் அறையில் இறந்து கிடந்தார், அவரையும் இந்து சமுத்திரத்திலேயே அடக்கம் செய்தார்கள். தலைவர் இல்லை, பணத்துக்கு என்ன வழி என்று தெரியாது. அந்த நிலையில்தான் மிஷனரிமார் 1814 ஜூன் 29 ஆம் தேதி காலியில் கரை சேர்ந்தார்கள்.

அப்போது ஆளுநராக இருந்த பிறவுன்றிக், முக்கிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளி நடத்தினால் உதவி தருவதாகச் சொன்னார். யார் எங்கே போவது என்று அவர்கள் தங்களுக்குள்ளேயே கூடி முடிவெடுத்தார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம், எர்ஸ்கின் மாத்தறை, கிளஃப் காலி, ஓல்ட் மட்டக்களப்பு. ஆறாமவரான ஹாவர்ட் அப்போது பம்பாயில் தங்கியிருந்தார். பங்கீட்டை ஒருக்கால் கவனித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு இரண்டு பேர். மனைவியைக் கடலில் விட்டுவிட்டு வந்த மனிதர் மட்டக்களப்புக்குத் தனியாக வந்தார்.

அவர் இங்கே இருந்தது ஏறக்குறைய எட்டு மாதம். தமிழ் படிக்கத் தொடங்கினார், பிரசங்கம் செய்தார், ஊர் ஊராகப் பள்ளிகள் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1 ஆம் தேதி இறந்துபோனார். இந்த மண்ணிலேயே அடக்கம். இன்று புளியந்தீவில் அவருக்குச் சிலை இருக்கிறது, வாவிக் கரையில் அவர் வந்து இறங்கிய துறை என்று சொல்லப்படும் மட்டக்களப்பு வாயில் இருக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய அடையாளம் மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1814 ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் பள்ளிக்கூடம் அது, இரண்டு நூற்றாண்டு தாண்டியும் மணி அடிக்கிறது.

ஆசியாவின் முதலாவது மெதடிஸ்த ஆலயம் மட்டக்களப்பில்தான் கட்டப்பட்டது என்று படித்தேன். சரியா?

இல்லை. மிஷன் இங்கே வந்தது 1814 இல், அது சரி. ஆனால் கோயிலாகவே திட்டமிட்டுக் கட்டித் திறந்த முதல் கட்டடம் கொழும்பு புறக்கோட்டையில் இருந்தது, 1816 டிசம்பரில் திறந்தார்கள். ஆசியாவின் முதல் மெதடிஸ்த ஆலயம் என்ற பெயர் அதற்குத்தான். நாங்கள் பெருமைப்படப் பள்ளிக்கூடம் இருக்கிறது, இல்லாத பெருமையைக் கடன் வாங்கத் தேவையில்லை.

'உவெஸ்லியன்' என்று கல்லில் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் மெதடிஸ்த இல்லையா?

இரண்டும் ஒன்றுதான். ஜோன் உவெஸ்லி அங்கிலிக்கன் குருவானவர், சாகும்வரை அங்கிலிக்கனாகவே இருந்தவர். அவருடைய இயக்கம் அவருக்குப் பிறகு இங்கிலாந்தில் பல கிளைகளாகப் பிரிந்தது. இலங்கைக்கு வந்தது உவெஸ்லியன் கிளை. 1932 இல் அங்கே மூன்று பெரிய கிளைகள் ஒன்றாகி மெதடிஸ்த திருச்சபை என்ற பொதுப்பெயருக்குள் வந்தன. இலங்கைத் திருச்சபை 1964 இல் தன் சொந்த மாநாட்டோடு, அதாவது தன் சொந்த ஆளும் சபையோடு, சுயமாக இயங்கத் தொடங்கியது.

கட்டடத்தின் வயதைப் பார்க்க இது கைகொடுக்கும். கல்லிலோ மணியிலோ 'உவெஸ்லியன் மிஷன்' என்று இருந்தால் பெரும்பாலும் 1932 க்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கல் இருக்கும் இடத்தை நம்பி முடிவுக்கு வரக்கூடாது. நினைவுக் கல்லைப் பழைய சுவரிலிருந்து எடுத்துப் புதுச் சுவரில் பதிப்பது வழக்கம். மணியும் அப்படித்தான், ஒரு கோயிலுக்கு வார்த்த மணி இன்னொரு கோயிலில் தொங்கும். கல்லுக்கும் சுவருக்கும் ஒரே வயது என்று நினைத்துக் கட்டுரை எழுதிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்து, இது மெதடிஸ்த கோயிலாக இருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும், உள்ளே போக வேண்டும். மெதடிஸ்த கோயில் கேட்பதற்காகக் கட்டியது. பிரசங்க மேடைக்குத்தான் முதல் மரியாதை. பின்வாங்கில் இருக்கிறவருக்கும் குரல் போய்ச் சேர வேண்டும், அவர் முகம் பார்க்க வேண்டும், அதற்கேற்ற மாதிரிதான் மண்டபத்தின் நீளமும் அகலமும். திருவிருந்து மேசையைச் சுற்றி முழங்காலிட்டு வாங்க ஒரு மரக்கம்பி வேலி இருக்கும். சுரூபங்கள் வைக்கிற மாடம் இருக்காது, பாவசங்கீர்த்தனக் கூடும் இருக்காது. கத்தோலிக்கக் கோயிலோடு பழகிய கண்ணுக்கு வெறிச்சென்று தெரியும். பக்கத்தில் நீளமான விறாந்தை, ஆள் உயரத்துக்கு மேலே போகும் யன்னல்கள், அப்புறம் பாடசாலை மண்டபத்தின் சாயல். அந்தச் சாயல் ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

சுவரையும் கிட்டப் போய்ப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் மாரி முடிந்த கையோடு ஒரு பழைய மிஷன் கட்டடத்துக்குள் போனேன். இப்போது அது களஞ்சிய அறை, உடைந்த கதிரைகளும் பழைய பரீட்சைத் தாள் கட்டுகளும் கிடந்தன. நிலத்திலிருந்து இடுப்பளவு வரைக்கும் சுவர் ஈரத்தில் கறுத்து, பெயின்ற் கொப்பளம் கொப்பளமாக எழும்பி நின்றது. ஒரு கொப்பளத்தை விரலால் தொட்டேன், பொத்தென்று விழுந்தது. உள்ளே வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்பு, நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது, அதற்குள் சிப்பித் துண்டுகள். வெளியே பூசியிருந்தது சீமெந்து. பிறகு யாரோ நல்ல எண்ணத்தோடு பூசியது, ஆனால் அதுதான் சுவரைக் கொன்றுகொண்டிருந்தது. வாவி ஊரில் நிலத்திலிருந்து உப்புத்தண்ணீர் சுவரில் ஏறும். சுண்ணாம்புச் சுவர் அதை மூச்சு விடுவது போல வெளியே விட்டுவிடும். சீமெந்து பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே நின்று உப்பாகப் பூத்துச் சாந்தைத் தள்ளும். உங்கள் கோயிலிலோ பள்ளியிலோ பழைய சுண்ணாம்புச் சுவர் இருந்தால் தயவுசெய்து சீமெந்து பூச விடாதீர்கள். சுண்ணாம்புச் சாந்தே பூச வேண்டும், மேலே சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

பழைய படத்தில் ஓட்டுக் கூரை, இப்போது தகடு. ஏன் மாற்றினார்கள்?

பெரும்பாலும் 1978. நவம்பர் 23 ஆம் தேதி இரவு அடித்த சூறாவளியை மட்டக்களப்பில் அறுபதைத் தாண்டிய யாரிடமும் கேளுங்கள், எங்கே படுத்திருந்தார்கள், எந்தக் கட்டிலுக்குக் கீழே ஒளிந்தார்கள் என்பது வரை சொல்லுவார்கள். தென்னந்தோட்டங்கள் படுத்துவிட்டன, கோயில், பள்ளி, வீடு என்று பார்க்காமல் கூரைகள் பறந்தன. திருத்தும்போது கையில் கிடைத்ததைத்தான் போட்டார்கள், அஸ்பெஸ்ரஸ் தகடோ தகரமோ. அதனால் 1978 க்கு முந்திய படம் ஒன்று உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால், கலியாணப் படமோ ஞானஸ்நானப் படமோ எதுவாக இருந்தாலும், பின்னால் தெரிகிற கூரையையும் யன்னலையும் பாருங்கள். முன்னால் நிற்கிற மாப்பிள்ளை பெண்ணை விட அதற்குப் பெறுமதி கூட இருக்கலாம்.

மிஷன் பள்ளிகளை அரசாங்கம் எடுத்தபோது கட்டடங்களுக்கு என்ன நடந்தது?

1960 இலும் 1961 இலும் வந்த சட்டங்களால் உதவி பெறும் தனியார் பாடசாலைகள் அரசாங்கத்துக்குப் போயின. மெதடிஸ்த மத்திய கல்லூரியும் வின்சன்ற் மகளிர் பாடசாலையும் இன்று அரசாங்கப் பாடசாலைகள். பெயர்ப்பலகையில் மிஷன் பெயர், சம்பளம் கல்வித் திணைக்களத்தில்.

சட்டத்தைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கட்டும். கட்டட வரலாறு தேடுகிறவருக்கு அது ஒரு கத்தி வெட்டு. ஒரே வளவுக்குள் ஒன்றாகக் கிடந்த கோயிலும் பள்ளியும் போதகர் வீடும் அன்றோடு இரண்டு நிர்வாகத்துக்குக் கீழே போயின. ஒரு பக்கத்துப் பதிவுகள் திருச்சபையிடம், மற்றப் பக்கத்துப் பதிவுகள் கல்வித் திணைக்களத்திடம். நடுவில் மதில் எழும்பிய இடங்களும் உண்டு. ஒரு காலத்தில் ஞாயிறு ஆராதனை நடந்த மண்டபம் இன்று ஆறாம் ஆண்டு வகுப்பறையாக இருந்தால், அதை 'முன்னாள் கோயில்' என்று எந்தப் பதிவும் சொல்லாது, அது பாடசாலை மண்டபம், அவ்வளவுதான். இங்கே வழிபாடு நடந்தது என்று தெரிந்த கடைசித் தலைமுறை இப்போது எண்பதுகளில் இருக்கிறது. அவர்களிடம் இந்தக் கிழமையே போய்க் கதையுங்கள்.

கிறிஸ்தவர் அல்லாத எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பள்ளியிலும் பிறகு மட்டக்களப்பில் புனித மைக்கல் கல்லூரியிலும் படித்தவர். அப்படிப் படித்து வந்தவர்தான் இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளைக் கட்டியெழுப்பினார், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் 1929 இல் வந்தது. மிஷன் பள்ளிகளின் நோக்கத்தில் மதமாற்றம் இருந்தது, அதை மூடி மறைக்கத் தேவையில்லை. அதே வாங்கில் இருந்து படித்தவர்கள் தங்கள் சமயத்துக்கும் தமிழுக்கும் பள்ளி கட்டினார்கள் என்பதும் அதே வரலாறுதான். பெண் பிள்ளைகளின் படிப்பையும் மறக்கக்கூடாது. வின்சன்ற் மகளிர் பாடசாலை தன் தொடக்கத்தை 1820 என்று சொல்கிறது. எங்கள் ஊரில் அம்மம்மாமார் கையெழுத்து வைத்ததற்குப் பின்னால் இப்படியான மண்டபங்கள் இருந்தன.

ஓல்டைத் தவிர வேறு யாரையாவது சொல்ல முடியுமா?

ரால்ஃப் ஸ்டொட். 1840களில் மட்டக்களப்பில் வேலை செய்தவர், ஊருக்குள் மட்டும் நிற்காமல் காட்டுப் பக்கம் வேடர் மத்தியிலும் போனவர். என்னை அவரிடம் இழுப்பது பிறகு நடந்த கதை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கூலித் தொழிலாளர் கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது, அதில் தமிழரும் தெலுங்கரும். அவர்களோடு அவர்கள் பாஷையில் கதைக்க ஆள் தேவைப்பட்டபோது 1862 இல் டேர்பன் இருக்கிற நேற்றாலுக்கு அனுப்பப்பட்டவர் இந்த ஸ்டொட். காரணம் அவருக்குத் தமிழ் தெரியும். அந்தத் தமிழை அவர் இலங்கையில்தான் படித்தார். கரும்புத் தோட்டத்தில் வேலை முடிந்து குந்தியிருந்த ஒரு தமிழன், வெள்ளைக்காரத் துரை ஒருவர் மட்டக்களப்புச் சாயல் கலந்த தமிழில் கதைப்பதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்திருப்பான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சீயோன் தேவாலயம் பழைய மெதடிஸ்த கோயிலா?

இல்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் வேறொரு சுவிசேஷ சபை, மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்ததல்ல. வெளியூரார் இரண்டையும் குழப்புகிறார்கள். அங்கே ஞாயிறு பள்ளி முடித்து நின்ற பிள்ளைகளும் இறந்தார்கள். தயவுசெய்து பெயரைச் சரியாக எழுதுங்கள்.

இருநூறு வருடப் பாரம்பரியம் என்றால் தொல்லியல் சட்டம் இந்தக் கட்டடங்களைத் தானாகவே காப்பாற்றாதா?

காப்பாற்றாது, இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள். இலங்கையின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பழைய சின்னம் என்று தானாக ஏற்றுக்கொள்வது 1815 மார்ச் 2 க்கு முந்தியவற்றை, அதாவது கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் போன கண்டி ஒப்பந்த நாளுக்கு முன்னால் கட்டியவற்றை. புளியந்தீவின் ஒல்லாந்தர் கோட்டை அதற்குள் வரும், போர்த்துக்கேயர் 1628 இல் கட்டியதை 1638 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். ஓல்ட் இறந்ததே அந்தத் தேதிக்கு ஒரு மாதம் கழித்து. அவருக்குப் பிறகு எழும்பிய மிஷன் கட்டடங்கள் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். தனியாக அறிவித்தல் செய்தால்தான் பாதுகாப்பு. அதற்கு ஊர் கேட்க வேண்டும், கேட்க வேண்டுமென்றால் கட்டடம் என்ன, எப்போது கட்டியது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். நான் இவ்வளவு விபரம் சேர்க்கச் சொல்லி நச்சரிப்பது இதற்காகத்தான்.

கோயிலாக இருந்த இடத்தை வேறு வேலைக்குப் பாவிப்பது பிழையில்லையா?

மனது வலிக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் மெதடிஸ்த வரலாறு தொடங்கியதே இப்படித்தான். லண்டனில் உவெஸ்லியின் முதல் தலைமை இடம் ஒரு பழைய பீரங்கி வார்ப்புச் சாலை. வெடி விபத்தில் இடிந்து கிடந்ததை 1739 இல் எடுத்துத் திருத்தி, ஆராதனை, பள்ளி, ஏழைகளுக்கு மருந்து என்று எல்லாம் அங்கேயே நடத்தினார். சிற்றி றோட்டில் புது ஆலயம் திறந்தது 1778 இல்தான்.

லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இன்னொரு இடம் சொல்கிறேன், பிரிக் லேன் பள்ளிவாசல். 1743 இல் பிரான்சிலிருந்து ஓடிவந்த புரொட்டஸ்தாந்து அகதிகள் கட்டிய கோயில். 1819 இல் மெதடிஸ்த ஆலயமானது. 1890களில் யூதர்களின் தொழுகைக்கூடம். 1976 இலிருந்து வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசல். சுவரில் மேலே 1743 என்று எழுதிய சூரியக் கடிகாரம் இன்றைக்கும் இருக்கிறது, அதில் லத்தீனில் 'நாம் நிழலே' என்று ஒரு வரி. வந்த ஒவ்வொரு கூட்டமும் அந்த வரியை விட்டு வைத்தது. இடிக்காமல், எழுத்தை அழிக்காமல், கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் வகுப்பறையாக இருந்தாலும் நூலகமாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். பூட்டிப்போட்டு வௌவாலுக்கு விடுவதுதான் பிழை.

என் பூட்டனின் பெயரை, அல்லது ஒரு கட்டடத்தின் விபரத்தை எங்கே தேடுவது?

முதலில் அந்தப் பகுதிச் சபைகளைப் பார்க்கிற சேகரத்துப் போதகரிடம் மரியாதையாகக் கேட்டு ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளைப் பாருங்கள். ஞானஸ்நானத்தில் புதுப் பெயர் வைத்திருப்பார்கள், அதனால் வீட்டில் கூப்பிட்ட பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காமல் போகும், தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். பெரியகல்லாறு போன்ற ஊர்களில் பழைய மெதடிஸ்த குடும்பங்கள் நிறைய, அங்கே வாய்மொழியாகவே ஐந்து தலைமுறை சொல்லுவார்கள். மிஷனரிமார் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) நூலகத்தில் இருக்கின்றன, லண்டன் ஆட்கள் ஒரு நாள் ஒதுக்கிப் போய்வரலாம். கோயில் ஆண்டு மலர்களும் பாடசாலை மலர்களும் இணையத்தில் 'நூலகம்' என்ற மின்னூலகத் தளத்தில் தேடிப்பாருங்கள். மலர்களில் வாழ்த்துச் செய்திகளைத் தாண்டிப் பின்பக்கத்துக்குப் போங்கள். கடை விளம்பரங்களுக்கு நடுவே யாராவது ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் பழைய மண்டபத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருப்பார்.

ஒரு நாள்தான் ஊரில் நிற்கிறேன். எதைப் பார்க்கலாம்?

விடியவே புளியந்தீவுக்குப் போய்விடுங்கள், வெயில் ஏறினால் நடக்க முடியாது. வாவிக்கரை வாயிலில் தொடங்குங்கள். அங்கிருந்து நெடுங்காலம் கச்சேரியாக, அதாவது மாவட்ட அரச அலுவலகமாக, இருந்த கோட்டை, அப்புறம் மத்திய கல்லூரி, வின்சன்ற், மெதடிஸ்த ஆலயம், எல்லாம் நடக்கிற தூரம். பள்ளி நாளாக இருந்தால் அதிபரிடம் அனுமதி கேட்காமல் உள்ளே போகக்கூடாது, பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது. ஞாயிறாக இருந்தால் ஆராதனைக்குப் போய்ப் பின்வாங்கில் இருங்கள், முடிந்ததும் சபையில் மூத்தவர் ஒருவரைப் பிடித்து, "ஐயா, 78 புயலுக்கு முதல் இந்தக் கூரை எப்படி இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு விறாந்தையில் இரண்டு கதிரை போட்டுக்கொள்ளுங்கள், அவர் சொல்லி முடிக்க மதியமாகும்.